புதுச் சப்பாத்து, புதுப் பதிவெண்: நேர்ஸ் அக்கா பதில்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்ராறியோவில் இப்போதுதான் படித்து முடித்து, மடிப்புக் கலையாத சீருடையோடு வேலைக்கு இறங்கியிருக்கும் ஆர்.பி.என். (பதிவுபெற்ற நடைமுறைத் தாதி) பிள்ளைகளுடையவை. முழங்காலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டிருந்த மாமிமார் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும். எண்ணெயைப் பூசிக்கொண்டே பொறுக்கலாம்.

கேள்வி: கலியாண வீட்டில் ஒரு மாமி, “ஆர்.பி.என். என்றால் அரை நேர்ஸ்தானே?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டா. நான் என்ன சொல்லியிருக்க வேணும்? – கொதிப்பில் இருப்பவள், ஸ்காபரோ

பதில்: “அரை ஊசி போடுறன் மாமி, கையை நீட்டுங்கோ” என்று சொல்லியிருக்கலாம்.

மாமி பழைய கணக்கில் நிற்கிறா. 1993 முடியும் வரை ஒன்ராறியோவில் உங்கள் வேலைக்குப் ‘பதிவுபெற்ற தாதி உதவியாளர்’ என்றுதான் பெயர். பிறகு சட்டம் மாறியது, பெயரும் மாறியது, உதவியாளர் தாதி ஆனார். 2005 முதல் கல்லூரி டிப்ளோமா இல்லாமல் புதிதாக இந்தப் பதிவுக்குள் வர முடியாது. ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) ஆவதற்கு நாலு வருடப் பட்டம். இரண்டு பேரும் தண்ணீர் அள்ளுவது ஒரே கிணற்றில்தான். வாளிக் கயிற்றின் நீளம் வேறு. ஆர்.என். இன்னும் ஆழமாக, இன்னும் நீண்ட காலம் படித்தவர். அதை ஒப்புக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஒன்ராறியோவுக்கு வெளியே உங்களைப் போன்றவர்களுக்கு எல்.பி.என். என்று பெயர். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா ஆகிய நாலு மாகாணங்களிலும் ஆர்.பி.என். என்றால் மனநலத் தாதி. அந்த மாமியோடு இன்னும் நாலு கலியாண வீட்டில் கதைத்தீர்கள் என்றால் அந்த அனுபவமும் வந்துவிடும்.

கேள்வி: ‘கொலிஜ் ஒஃப் நேர்சஸ்’ என்ற இடத்தில் நான் ஒரு நாளும் படிக்கவில்லை. பிறகு ஏன் வருடா வருடம் அவர்களுக்குக் காசு கட்ட வேணும்? – பற்றுச்சீட்டோடு ஒருவர், மார்க்கம்

பதில்: அங்கே வகுப்பும் இல்லை, கன்ரீனும் இல்லை. அது உங்கள் பதிவை வைத்திருக்கும் ஒழுங்குமுறை அமைப்பு. புதியவர்கள் அதைத் தங்கள் சங்கம் என்று நினைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் லீவு தரவில்லை என்று அங்கே போன் பண்ணுவார்கள். சம்பளம், லீவு எல்லாம் தொழிற்சங்கத்தின் பாடு. ஆர்.பி.என்.களுக்காகக் குரல் கொடுப்பதும் தொழில் காப்புறுதி எடுத்துத் தருவதும் ‘வீ ஆர்.பி.என்.’ என்ற சங்கம். கொலிஜின் வேலை உங்களைக் காப்பாற்றுவது அல்ல, உங்களிடமிருந்து சனத்தைக் காப்பாற்றுவது. கேட்கக் கசக்கும். ஆனால் உங்கள் அம்மா கட்டிலில் படுத்திருக்கும்போது அந்த ஏற்பாடுதான் உங்களுக்கும் இனிக்கும்.

கட்டணம் மட்டும் கட்டினால் காணாது. தொழில் காப்புறுதி இருக்க வேண்டும். கடந்த 3 வருடங்களுக்குள் தாதியாக வேலை செய்திருக்க வேண்டும். உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று நீங்களே சோதித்து, எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று எழுதி வைக்க வேண்டும். உங்கள் பெயரும் பதிவு நிலையும் பொதுப் பதிவேட்டில் இருக்கும். யாரும் பார்க்கலாம். பெண் பார்க்க வருகிறவர்களும் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

கேள்வி: சோதனையில் 90ஆவது கேள்வியோடு கணினி நின்றுவிட்டது. பாஸா, பெயிலா? முடிவு வரும்வரை நித்திரை இல்லை. – தேர்வெழுதியவள், பிறாம்ப்டன்

பதில்: இரண்டும் இருக்கலாம். 2022 ஜனவரியில் வந்த ரெக்ஸ்-பிஎன் சோதனை ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் சோதனை. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினம், பிழையாகச் சொன்னால் அடுத்தது இலகு. ஆகக் குறைந்தது 90, ஆகக் கூடியது 150. உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்ததும் அது நிறுத்திவிடும். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முடிவெடுப்பதில்லையா? அதே மாதிரி.

கேள்வி: காலையில் தந்த நோயாளி நல்ல நிலையில் இருந்தார். இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சை, மூன்றாம் நாள். பின்னேரம் மூச்சு வேகம், கதையிலும் தடுமாற்றம். ஆர்.என். வேறு அறையில் வேலையாக நின்றா. கொஞ்ச நேரம் நானே பார்த்துச் சமாளித்திருக்கலாமோ? கூப்பிட்டால் “இதுகூடத் தெரியாதா” என்று நினைப்பாவே? – மூன்று வாரத் தாதி, ரொறன்ரோ

பதில்: ‘கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்பது அடுப்பில் வைத்த பாலுக்கே சரிவராது.

யார் எந்த நோயாளியைப் பார்ப்பது என்று தீர்மானிக்க ஒன்ராறியோவில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: நோயாளி, தாதி, சூழல். நோயாளியின் நிலை எவ்வளவு சிக்கல், அடுத்த மணித்தியாலத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியுமா, பிழைத்துப்போனால் எவ்வளவு பாதிப்பு என்பது முதலாவது. உங்களுக்கு இது பழக்கமா, கை ஓடுமா என்பது இரண்டாவது. கேட்க ஆள் பக்கத்தில் உண்டா, எழுத்தில் நடைமுறை உண்டா என்பது மூன்றாவது. காலையில் அந்த ஐயா உங்கள் கயிற்று நீளத்துக்குள் இருந்தார். பின்னேரம் தண்ணீர் கீழே போய்விட்டது. அது உங்கள் பிழை இல்லை. அதைக் கண்டுபிடித்ததுதான் உங்கள் வேலை, அதை நீங்கள் செய்தும்விட்டீர்கள். மிச்சம் வாயைத் திறப்பது.

எப்படித் திறப்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிகளில் பிறந்து ஆஸ்பத்திரிக்குள் வந்த முறை அது: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள். “அக்கா, 12ஆம் அறை ஐயாவுக்கு மூச்சு வேகமாகுது. இடுப்புச் சத்திரசிகிச்சை, மூன்றாம் நாள். மூச்சு காலையில் 18, இப்ப 28. ஒக்சிஜன் 95 இலிருந்து 89க்கு இறங்கிட்டுது. ஆள் குழம்பிக் கதைக்கிறார். நுரையீரலில் இரத்தக்கட்டியோ என்று பயப்பிடுறன். இப்பவே வந்து பாருங்கோ.” அவ்வளவுதான். “அக்கா, சுகமா, பிஸியோ, ஒரு சின்ன விஷயம்…” என்று தொடங்கினால் அவ கடைசி வரியைக் கேட்பதற்குள் ஐயாவுக்கு ஒக்சிஜன் இன்னும் இறங்கியிருக்கும். அவ வரமுடியாத இடத்தில் நின்றால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். பொறுப்புத் தாதி, டொக்டர், அவசர உதவிக் குழு, யாராவது. மரியாதைக்காகக் கதவுக்கு வெளியே காத்து நிற்பதைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஆர்.என். வந்து பார்த்து, ஆலோசனை சொல்லிவிட்டுப் போனால் நோயாளி இன்னும் உங்கள் பொறுப்பில்தான். அவவே முழுதாகப் பொறுப்பெடுத்தால்தான் மாறும். ஆகவே, அவ கதவைத் தாண்டுவதற்கு முன் கேளுங்கள்: “இப்ப இவரைப் பார்க்கிறது நீங்களா, நானா?” ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: ஒன்று, இரண்டு, சைபர் எழுதக்கூட இங்கே புதிதாகப் பழக்குகிறார்களே! நான் கணக்கில் ‘ஏ’ எடுத்தவன். – எண் கணிதன், ஏஜக்ஸ்

பதில்: கணக்கு உங்களுக்குத் தெரியும். வாசிப்பவர் அதிகாலை நாலு மணிக்கு வாசிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

இன்சுலின் 4 யூனிட் என்பதை ‘4’ போட்டு ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒட்டினால், அந்த ‘யூ’ சைபராகி 40 என்று தெரியும். பத்து மடங்கு. 1.0 மில்லிகிராம் என்று அழகாக எழுதினால் புள்ளி மறைந்து 10. அரை மில்லிகிராமை வெறும் .5 என்று விட்டால் 5. ஆகவே முழு எண்ணுக்குப் பின்னால் சைபர் வேண்டாம், புள்ளிக்கு முன்னால் சைபர் கட்டாயம், ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுத வேண்டும். ‘கியூ.டி.’ என்றால் தினமும் ஒரு தரம். கை கொஞ்சம் நடுங்கினால் அதுவே ‘கியூ.ஐ.டி.’ ஆகி நாலு தரம். பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான கனடா நிறுவனம், ஐ.எஸ்.எம்.பி. கனடா, இப்படிப்பட்ட ஆபத்தான சுருக்கங்களைப் பட்டியலே போட்டிருக்கிறது. எல்லாம் கணினிதானே என்று சொல்லாதீர்கள். கணினி படுத்த இரவில்தான் பேனை தேடுவோம், பழைய பழக்கமும் அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: இன்சுலினை இரண்டாம் தாதி சரிபார்க்க வேணும் என்பது எங்கள் இடத்து நடைமுறை. கூட வேலை செய்யும் அக்கா, “உன்னில எனக்கு நம்பிக்கை இருக்கு, பேப்பரைத் தா, கையெழுத்து வைக்கிறன்” என்கிறா. சந்தோசப்படுவதா, பயப்படுவதா? – புதியவள், மிசிசாகா

பதில்: நம்பிக்கையைச் சீட்டுப் பிடிக்கும்போது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எலிசபெத் வெட்லோஃபர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற தாதி. 2007க்கும் 2014க்கும் இடையில் முதியோர் இல்லங்களில் இருந்த 8 பேரை இன்சுலின் ஏற்றியே கொன்றவர். போதை மருந்தை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இரண்டு பேர் எண்ணிப் பூட்டுகிறோம், இன்சுலினை அப்படி எண்ணுவதில்லை என்பது அவருக்கு வசதியாகிவிட்டது. 2016 இல் அவரே வாய் திறந்து சொல்லும் வரை வெளியே தெரியவில்லை. நீதிபதி ஐலீன் கில்லீஸ் நடத்திய விசாரணை 2019 இல் 91 பரிந்துரைகளோடு முடிந்தது. அவர் செய்தது கொலை. உங்கள் அக்கா செய்வது சோம்பல். இரண்டையும் ஒரு தராசில் வைக்கவில்லை. ஆனால் பார்க்காமல் வைத்த கையெழுத்து இரண்டையும் ஒன்றாகத்தான் மறைக்கும்.

இன்னொன்று. “8 யூனிட் எடுத்திருக்கிறன், சரிதானே?” என்று கேட்டால் அது சரிபார்த்தல் இல்லை, தலையாட்டல். விடையைச் சொல்லாமல் மருந்துக் கட்டளையையும் ஊசியையும் காட்டுங்கள். எவ்வளவு என்று அவவே பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: என் நோயாளி ஒரு தமிழ் ஐயா. புற்றுநோய் என்று டொக்டர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். “அப்பாவுக்குத் தெரிந்தால் உடைஞ்சு போவார், நீங்களும் எங்கட ஆள், சொல்லிப்போடாதைங்கோ” என்று மகள் என் கையைப் பிடித்து அழுதா. ஐயா என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, எனக்கு என்ன வருத்தம்?” என்று கேட்கிறார். – நடுவில் நிற்பவள், ஸ்காபரோ

பதில்: இந்த மாதம் வந்ததில் கடினமான கேள்வி இதுதான், தங்கச்சி. இதற்கு நான் பகிடி விடப் போவதில்லை.

ஒன்ராறியோவில் நோயின் பெயரை நோயாளிக்கு முதன்முதலில் அறிவிப்பது சட்டம் கட்டுப்படுத்திய செயல். அது டொக்டர் போன்றவர்களுக்கு உண்டு, ஆர்.பி.என்.னுக்கு இல்லை, ஆர்.என்.னுக்கும் பொதுவாக இல்லை. ஆகவே நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது. அதற்காக “ஒன்றுமில்லை ஐயா, சும்மா ஒரு கட்டி” என்று பொய்யும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். “ஐயா, டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவர்? நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்? எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விரும்புறீங்கள்?” என்று கேளுங்கள். பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

“எல்லாம் தெரிய வேணும்” என்றால் அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்டதை அவருடைய சொற்களிலேயே குறிப்பில் எழுதுங்கள். “எனக்கு ஏன் பிள்ளை, மகளோட கதைக்கச் சொல்லு” என்றால் அது அவருடைய விருப்பம். அதையும் எழுதுங்கள், டொக்டருக்கும் தெரியட்டும். 1996ஆம் ஆண்டுச் சுகாதாரச் சம்மதச் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: விளங்கிக்கொள்ளக்கூடிய ஆளின் சிகிச்சையை அந்த ஆளே தீர்மானிப்பார். அதற்கு ஆகக் குறைந்த வயது என்று ஒன்று இல்லை, ஆகக் கூடிய வயதும் இல்லை. எங்கள் வீடுகளில் எண்பது வயதானதும் அப்பாவைக் குழந்தையாக்கிவிடுவோம். அன்பில்தான் செய்கிறோம்.

பெரும்பாலும் ஐயாமாருக்குத் தெரிந்துதான் இருக்கும். மகள் அழுவாள் என்று தெரியாதமாதிரிப் படுத்திருப்பார்கள்.

இன்னொன்று. மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயதுப் பேரனைக் கூப்பிட விடாதீர்கள். அந்தப் பிள்ளையின் வாயால் அந்தச் சொல் வரக் கூடாது.

கேள்வி: மாமியார் போன கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இரத்தப் பரிசோதனை செய்தவ. கணினியில் ஒருக்கால் எட்டிப் பார்த்தால் என்ன? நல்லதுக்குத்தானே! – அக்கறையுள்ள மருமகள், மார்க்கம்

பதில்: உங்கள் அக்கறையின் விலை சட்டப்படி 200,000 டொலர் வரை போகலாம், ஒரு வருடச் சிறையும் சேரலாம். 2004ஆம் ஆண்டுத் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம். நீங்கள் பராமரிக்கும் நோயாளி என்றால்தான் அந்தக் கோப்பு உங்களுக்குத் திறக்கும். யார், எப்போது, எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று கணினி நாட்குறிப்பு எழுதுகிறது. மாமியாரின் கொலஸ்ட்ரோல் தெரிய வேண்டுமென்றால் மாமியாரிடமே கேளுங்கள். கேட்க முடியாத உறவென்றால், அதற்கு மருந்து ஆஸ்பத்திரிக் கணினியில் இல்லை.

கேள்வி: குணமாகி வீட்டுக்குப் போன இளைஞர் ஒருவர் இன்ஸ்டகிராமில் ‘தாங்ஸ்’ சொல்லி, கோப்பி குடிக்கக் கூப்பிடுகிறார். – பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம். கோப்பியும் வேண்டாம். பராமரிப்பு முடிந்து ஒரு வருடம் வரை அவர் சட்டத்தின் கண்ணில் உங்கள் நோயாளி. அதற்குள் விஷயம் பாலியல் உறவாகப் போனால் இரண்டு பேரும் விரும்பித்தான் என்பது எடுபடாது, பதிவையே பறித்துவிடுவார்கள். உண்மையான அன்பு ஒரு வருடம் ஆறாது. கோப்பி ஆறிவிடும், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு அம்மம்மா வீட்டுக்குப் போகும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, “பேத்தி மாதிரிப் பார்த்தாய்” என்று என் கையில் வைத்தா. – மனம் நெகிழ்ந்தவள், பிறாம்ப்டன்

பதில்: நெகிழுங்கள், சங்கிலியைத் திருப்பிக் கொடுங்கள். பலகாரம் கொண்டுவந்தால் எல்லாரும் சாப்பிட அறையில் வையுங்கள். பொன்னும் காசும் அப்படி இல்லை. அம்மம்மாவின் பிள்ளைகள் நாளைக்குச் சங்கிலியைத் தேடுவார்கள். அவவின் மனம் நோகாமல் மறுப்பதுதான் கெட்டித்தனம். “உங்கட கையால ஒரு பிடி திருநீறு பூசிவிடுங்கோ அம்மம்மா” என்று நெற்றியைக் காட்டினேன் நான் ஒருமுறை. பூசிவிட்டு, கன்னத்தையும் கிள்ளினா.

கேள்வி: என் மனைவி பி.எஸ்.டபிள்யூ. (தனிநபர் ஆதரவுப் பணியாளர்). கோயிலில் எல்லாரிடமும் ‘நேர்ஸ்’ என்றுதான் சொல்கிறா. பிழையா? – கணவன், ஏஜக்ஸ்

பதில்: சாமி மன்னிக்கும், 1991ஆம் ஆண்டுத் தாதியியல் சட்டம் மன்னிக்காது. ஒன்ராறியோவில் பதிவில்லாதவர் ‘நேர்ஸ்’ என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதைவிட, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களைத் தூக்கி நிறுத்துவதே பி.எஸ்.டபிள்யூ.மாரின் முதுகுதான். அந்தப் பெயரைச் சொல்ல ஏன் கூச்சம்? நீங்களாவது வீட்டில் பெருமையாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்துக் கட்டில்காரரின் பிரஷர் குளிசையை இவருக்குக் கொடுத்துவிட்டேன். கை கால் நடுங்குகிறது. – எழுதவே பயப்படுபவள்

பதில்: நீங்கள் நடுங்கும் நேரத்தில் அவருடைய பிரஷரைப் பாருங்கள். முதலில் நோயாளி, பிறகு உங்கள் அழுகை. பொறுப்புத் தாதிக்கும் டொக்டருக்கும் உடனே சொல்லுங்கள், நோயாளிக்கும் உண்மை சொல்லப்பட வேண்டும். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, அவர் எப்படி இருந்தார், யாருக்குச் சொன்னீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். ‘கவலையீனத்தால்’ என்று உங்களையே திட்டி எழுத வேண்டாம், நோயாளியின் கோப்பு பாவமன்னிப்புக் கூண்டு இல்லை. எழுதியதை அழிக்கவோ நேரத்தை மாற்றவோ மட்டும் போகாதீர்கள். பிழையான குளிசை ஒரு பிழை. மாற்றிய குறிப்பு ஏமாற்று. பிறகு ஆறுதலாக, ஏன் நடந்தது என்று பாருங்கள். அடுத்தடுத்த கட்டிலில் ஒரே குடும்பப்பெயரா? மருந்து கொடுக்கும் நேரத்தில் யாராவது கதை கேட்டார்களா? அதைச் சொன்னால்தான் அடுத்த பிள்ளை தப்பும்.

கேள்வி: ஷிஃப்ட் முடிந்துவிட்டது. மாற்ற வரவேண்டியவ வரவில்லை. பிள்ளையை டேகேரில் எடுக்க வேணும். கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாமா? – ஓடத் தயாரானவள், மிசிசாகா

பதில்: பிள்ளையை எடுக்க வேறு ஆளை அனுப்பலாம், நோயாளியை ஒப்படைக்காமல் போக முடியாது. ஏற்றுக்கொண்ட நோயாளியை மாற்று ஏற்பாடில்லாமல் விட்டுப் போவது தொழில் ஒழுங்கீனம். ஆனால் இரவு முழுக்க உங்களையே கட்டிப்போடவும் நிர்வாகத்துக்கு இதைச் சாட்டாக விடாதீர்கள். மேற்பார்வையாளரை எழுப்புங்கள், எத்தனை மணிக்கு எழுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள். ஆள் தேடுவது அவர் வேலை. களைத்துப்போன கையால் மருந்து கொடுப்பது ஆபத்து என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்ட்டில் தமிழ் ஆக்களோடு தமிழில் கதைக்கலாமா? – தாய்மொழிப் பற்றாளர், ரொறன்ரோ

பதில்: நோயாளி தமிழென்றால் தாராளமாக. அவருடைய கட்டிலுக்கு மேலால் நீங்கள் இரண்டு பேரும் கதைப்பது என்றால், அவருக்கு விளங்கும் மொழியில். தனக்குத் தெரியாத மொழியில் யாராவது சிரித்தால், நோயாளிக்குத் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு சீனக் கடை ஒன்றில் தலைமுடி வெட்டும்போது தோன்றியதுண்டு. வெட்டி முடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது என்னைப் பற்றித்தான் என்று உறுதியாயிற்று.

கேள்வி: உங்களுடைய முதல் இரவு ஷிஃப்ட் ஞாபகம் இருக்கிறதா, அக்கா? – நாளை இரவு தொடங்குபவள், ஸ்காபரோ

பதில்: நல்லாய் ஞாபகம். ஆர்.என்.னுக்கு 11 தரம் போன் எடுத்தேன். முதல் நாலு தரமும் எடுக்கத்தான் வேண்டும். அடுத்த மூன்றும் எடுத்திருக்கத் தேவையில்லை. எட்டாவது தரம் நேரம் கேட்டேன், மணிக்கூடு என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் மூன்றுக்கும் காரணம் இப்போதும் ஞாபகம் வரவில்லை. பன்னிரண்டாவது தரத்துக்கு அவ காத்திருக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு தானே வந்து, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டா.